சின்னப் படகு

“கடல்ல மீன் பிடிக்கச் சின்னதே போதுமுங்க. ஜீப்புல கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்,” என்றார், குன்னூரில் வெள்ளைக்காரத் துரைமார்கள் விட்டுப்போன பழைய படகுகளை விற்கும் சபாபதி.

“பெருசுதான் வேணும்,” என்றான் சிலோனிலிருந்து வந்த வீரையா.

“சின்னது போதும் மச்சான்,” என்றான் அவன் மனைவியின் தம்பி பரமசிவன்.

வீரையா ஓங்கி அறைந்தான். பரமசிவன் மறுபடியும் அதையே சொன்னான். இடுப்பில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அவன் வாயிலேயே இடித்தான் வீரையா.

சபாபதி குறுக்கே பாய்ந்தார். “மீனுக்காகவாங்க இந்த அடி?”

“மீனு பொய்ங்க. அங்க கலவரம். தேயிலைத் தோட்டத்துல மாட்டிக்கிட்ட என் பொண்டாட்டி, நாலு புள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு வரணும்.”

பரமசிவன் ரத்தத்தைத் துப்பினான்.

“மண்டபம் கேம்ப்புல வந்து எறங்குனவங்க சொன்னாங்க மச்சான். நம்ம லயத்து வீடுங்களைக் கொளுத்திட்டாங்க. அக்காவும் போயிருச்சு. கடைக்குட்டி மட்டும்தான் மிச்சம். சின்னது போதும்.”