நூறு சதவீத வார்டு

மணி எட்டே முக்கால் ஆகியும் முப்பத்தேழாம் நம்பர் வீட்டிலிருந்து போன் வரவில்லை. செண்பகராஜுக்கு அதுவே பெரிய நிம்மதி. இன்றோடு ஐந்து நாளாக அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பத்து மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். கரிசல் காட்டுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன நகராட்சியில், அவன் வார்டு குப்பை சேகரிப்பில் ஒரு வாரம் முழுக்க நூறு சதவீதம் காட்டினால் ஒப்பந்த மேற்பார்வையாளர் வேலை இன்னும் ஒரு வருஷம் நீடிக்கும். ஒரு வீடு குறைந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடு. வீட்டு வாசலில் ஒரு ஸ்டிக்கர். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கியதும் அதை ஸ்கேன் செய்தால், 'குப்பை பெறப்பட்டது, நன்றி' என்று பதிவு செய்த நம்பருக்கு மெசேஜ் போய்விடும். அடியில் மேற்பார்வையாளர் நம்பரும் இருக்கும். மக்குகிற குப்பை உரமாகி விளாத்திகுளம் மிளகாய்க் காட்டுக்குப் போகும்.

இதில் முப்பத்தேழாம் நம்பர் ஹரிகிருஷ்ணன்தான் செண்பகராஜுக்கு வாய்த்த ஏழரைச் சனி. மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். வண்டி ஏழு மணிக்கு வராவிட்டால் ஏழு ஐந்துக்குப் போன். ஒரே ஒரு வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தெரு வரைக்கும் வண்டியைத் துரத்தியிருக்கிறார்.

குப்பையை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. மெசேஜ் போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். பதிவேட்டில் கொடுத்தது ஒரு நம்பர், பேசுவது வேறொரு நம்பர். மேலிடத்துக்குப் புகார் எழுத ஆதாரம் சேர்க்கிறார் என்று செண்பகராஜ் முடிவு கட்டி, இரண்டு நம்பரையும் தன் போனில் பதிந்து வைத்திருந்தான்.

திங்கட்கிழமை பேட்டரி வண்டி படுத்துவிட்டது. சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். செண்பகராஜ் அசரவில்லை. ஸ்டிக்கர்களை எல்லாம் முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தவன், அவற்றைத் தாளில் அச்சடித்து, தூய்மைப் பணியாளர் சந்தனமாரியை ஆபீசிலேயே உட்கார வைத்து ஸ்கேன் செய்யச் சொன்னான்.

தினமும் முதலில் முப்பத்தேழு, அதுவும் ஏழு மணிக்கெல்லாம். மற்ற வீட்டுக்காரர்கள் குப்பையை ஓடையில் கொட்டிவிட்டு, வந்த மெசேஜைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

சந்தனமாரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“சார், அந்த ரயில்வே சார் வீட்டுப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா? இத்தன நாள் பேசாம இருக்குத ஆளு இல்ல அவிய.”

“சும்மா கெடக்குதவர எதுக்குக் கெளப்பி விடுத? இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டும், மாரி.”

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஜீப் கேட்டுக்குள் திரும்பியது. அதிகாரிகள் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் ஐந்து நாளும் நூறு சதவீதம் என்று பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து செண்பகராஜின் போன் அடித்தது. முப்பத்தேழாம் நம்பர் வீட்டுக்குப் பதிவேட்டில் கொடுத்திருந்த நம்பர்.

பயந்துகொண்டேதான் எடுத்தான். பேசியது ஒரு பெண். ஹரிகிருஷ்ணனுடைய மகள் ப்ரியதர்ஷினி, பெங்களூரில் இருக்கிறாளாம். புகார் ஒன்றும் இல்லை, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டாளாம். அப்பாதான் தன் நம்பருக்குப் பதிலாக அவள் நம்பரைப் பதிந்து வைத்தாராம். தினமும் ஏழு மணிக்கு மெசேஜ் தவறாமல் வந்துவிடுகிறதாம்.

செண்பகராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தப் பாராட்டு அதிகாரிகள் காதிலும் விழட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

“அப்பாட்ட போன மட்டும் எடுக்கச் சொல்லிருங்க சார். திங்கக்கிழமையிலருந்து போனே எடுக்க மாட்டேங்காவ; காலைல எந்திரிச்சு குப்பை குடுத்திருக்காவன்னு ஒங்க மெசேஜ் வாரதுனாலதான் நான் பதறாம இருக்கேன்.”