வெப்சைட்ல எல்லாம் இருக்கு

“ஒரே போன் கால், இருபத்தாறு நிமிஷம்! அப்படி என்னம்மா வெட்டிப் பேச்சு?”

மேனேஜர் கையிலிருந்த டெலிபோன் கணக்குப் பட்டியலை மேஜைமேல் போட்டார். ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர் அம்மா எழுந்து நின்றார்.

“பேசலை சார். படிச்சுக் காட்டினேன்.”

“எதை?”

“நம்ம வெப்சைட்டை.”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. அது அவருடைய எட்டு மாத உழைப்பு. எந்த மாத்திரையை எப்போது போடுவது, ஆபரேஷனுக்கு முன்னால் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது, அத்தனையும் அதில் உண்டு. ‘அனைவருக்குமான மருத்துவத் தளம்’ என்று விருதே அறிவித்துவிட்டார்கள். நாளை மறுநாள் மேடையேறிக் கேடயம் வாங்க வேண்டும்.

“அனைவருக்கும்னு பெரிசா போட்டிருக்கு. அப்புறம் நடுவுல நீங்க எதுக்கு?”

“கண்ணு தெரியாதவங்களுக்குச் செல்போனே எழுத்தைப் படிச்சுச் சொல்லும் சார். ஆனா நம்ம பக்கத்தைத் திறந்தா ‘படம், படம், படம்’னு மட்டும்தான் சொல்லுதாம். நாமதான் எழுத்தையெல்லாம் படமாப் போட்டுட்டோமே.”

“அழகா இருக்கட்டும்னு போட்டது.”

“அழகுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை சார். ஆனா வெள்ளையில வெளிர் சாம்பல் கலர் எழுத்து. அதுவும் பொடி எழுத்து. அப்புறம், காது கேக்காத ஒருத்தர் போன வாரம் நேர்லயே வந்துட்டார். டாக்டர் வீடியோவுல வாயசைக்கிறார், கீழே ஒரு வரி ஓடலை. நான்தான் உக்காந்து எழுதிக் கொடுத்தேன்.”

“குறை சொல்லக் கிளம்பினா எதுலதான் சொல்ல முடியாது? விருது கொடுக்கறவங்க என்ன, பார்க்காமலா கொடுக்கறாங்க?”

“பார்த்துத்தான் சார் கொடுத்திருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் கண்ணு நல்லாத் தெரியும்போல.”

மேனேஜரின் காது சிவந்தது.

“தள்ளுங்க. ஒரு போன் காலை எப்படி முடிக்கணும்னு நான் காட்டறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லி வைத்தாற்போல் மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

“எனக்குக் கைநடுக்கம் சார். உங்க வெப்சைட்ல அந்தக் குட்டிக் கட்டத்தை அமுக்கப் போனா விரல் வேற எங்கேயோ போகுது...”

“வெப்சைட்ல எல்லாம் இருக்கும்மா. பாருங்க.”

டொக்.

“பதினோரு செகண்ட்!” என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் அம்மா அந்த நம்பரை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

அடுத்த மணி.

“சார், என் தங்கச்சிக்கு நீளமாப் படிச்சாப் புரியாது. அவளுக்குப் புரியற மாதிரி நாலே வரியில எங்கேயாவது போட்டிருக்கீங்களா?”

“வெப்சைட்ல எல்லாம் இருக்கு. பாருங்க.”

டொக்.

“ஒன்பது! கத்துக்கிட்டீங்களா?”

“கத்துக்கிட்டேன் சார்” என்று இரண்டாவது நம்பரையும் எழுதிக்கொண்டார் அந்த அம்மா.

மேனேஜர் தன் செல்போனை எடுத்தார். விருது மேடையில் பேச வேண்டியதைப் பாதியில் விட்டிருந்தார். ‘யாரும் விடுபடக் கூடாது என்பதே எங்கள் தாரக மந்திரம்’ என்று தட்டும்போது மூன்றாவது மணி. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டுவதைத் தொடர்ந்தார்.

மறுமுனையில் ஓர் ஆண் குரல் மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கண்ணில் ஊசியாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைக் காலையில் போடலாமா, கூடாதா என்றது. தினமும் படித்துச் சொல்லும் அந்த அம்மா இல்லையா என்றும் கேட்டது. ‘மந்திரம்’ சரியா, ‘லட்சியம்’ நன்றாக இருக்குமா என்ற யோசனையில் அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

“வெப்சைட்ல எல்லாம் இருக்கு சார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் பாருங்க.”

வைக்கப் போனார். மறுமுனையில் ஒரு தயக்கமான இருமல்.

“வெப்சைட் நல்லாத்தான் இருக்கும்ங்க சார். உன் அப்பாவுக்குத்தான்டா ஆறு மாசமாக் கண்ணு தெரியலை.”