இடது கை ஆட்டம்

“அலுவலக கோல்ஃப் அணிக்கு ஆள் எடுக்கிறோம். வலது கைப் பக்கமா அடிம்மா!” என்று எரிந்து விழுந்தார் பயிற்சியாளர்.

அவள் அலுவலகத்தில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர். அலைந்து வாங்கிய இடது கை மட்டையால் விளாசினாள். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்கு அருகே விழுந்தது.

அடுத்து அடிக்கச் சொல்லி பயிற்சியாளர் தூக்கிப் போட்ட பந்தை வலது கையால் பிடித்தாள்.

“அட, வலது கைக்காரியா? அப்புறம் எதுக்கு இந்தக் கோணங்கித்தனம்? எவன் சொல்லிக்குடுத்தான்?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

“நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்கம்மா இந்த மைதானத்துல புல் வெட்டினாங்க. என்னை நீங்க உள்ள விடல. வேலிக்கு வெளியே, உங்களுக்கு நேர் எதிர்ல நின்னு, விளக்குமாத்தால உங்களை மாதிரியே வீசிப் பழகினேன். கண்ணாடில பாக்குற மாதிரி பக்கம் மாறிடுச்சு. இனிமே மாத்த மாட்டேன். அடுத்த பந்தை வைங்க!”