எதிர்ப்பக்கத்து நாலாவது வரிசை

தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியதிலிருந்து, சிட்னியின் மேற்குப் புறத்திலிருந்த அந்தச் சிறிய உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கூட்டம் வருவதில்லை. வாயிற்பணியாளர் லோஜன் எதிர்ப்பக்க அரங்கை ஆறு மணிக்கே பூட்டிவிட்டார். தம்பி லதீஸ் பலரோடு ஏறிய அகதிப் படகு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்திருக்க வேண்டிய நாள் கடந்து ஒன்பது நாளாகியிருந்தது.

வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி வதனி போனில் அழைத்தாள்.

"இஞ்சருங்கோ, லதீஸ் வந்திட்டார். ரீவியில காட்டுறாங்கள். எதிர்ப்பக்கம், நாலாவது வரிசையில தனிய இருக்கிறார்."

"விசர்க்கதை கதையாதையும். அது பூட்டிக் கிடக்கு."

"நீங்களே பாருங்கோவன்."

லோஜன் பார்த்தார். ஆள் எழுந்தால் தாமாக மடிந்துகொள்ளும் இருக்கைகள் அவை. நாலாவது வரிசையில் ஒன்று மட்டும் ஆளில்லாமலே விரிந்திருந்தது.

"இப்ப வேற ஆக்களும் வந்து இருக்கினம்" என்றாள் வதனி.

பக்கத்து இருக்கைகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின.