பொய் பேசாத வாய்

"லூபேயைக் கடற்கரையில, கொப்பரைக் கொட்டகையில ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றாள் மரேத்தா. "நல்லாக் கேட்டுக்கோங்க. கொப்பரைக் கொட்டகை. மூட்டைக்குப் பின்னால."

போதகர் ஏலிசராவுக்கு வாயில் போட்ட சேப்பங்கிழங்கு தொண்டையில் அடைத்தது. இன்றைக்கு என்ன மீன் என்பதைக்கூட அவரிடம் சொல்லாத மனைவி, இதைப் போய் இரண்டு தரம் சொல்கிறாளே என்று எரிச்சல்.

"என்கிட்ட ஏன் சொன்ன? சிமானு வந்து கேட்டா நான் என்ன பண்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"பொய்யா? நானா?"

சிமானு, லூபேயின் கணவன். காலையில் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியவன். இப்போது தேங்காய் வெட்டும் நீளக் கத்தியோடு, கொல்லாமல் விடமாட்டேன் என்று வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தான்.

சவாயீ தீவு முழுக்கத் தேடினாலும் எங்கள் போதகரைப் போல உண்மை பேசுகிறவர் கிடைக்கமாட்டார். அதை அவரே சொல்வார். போன ஞாயிறுதான், உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாலும் பொய் பொய்தான் என்று ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். வேதாகமத்தில் ஒற்றர்களை ஒளித்துவைத்துப் பொய் சொன்ன ராகாபைக்கூட அவர் விடவில்லை.

சாகக் கிடந்த சோலோவாவிடம், "நீங்க இந்த வாரம் தாண்ட மாட்டீங்க" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு, அந்த வீட்டுப் பன்றிக்கறியையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்த மகான் அவர்.

வாசலில் சிமானு வந்து நின்றான். "போதகரே! அவ எங்க?"

"இங்க யாரும் வரல சிமானு" என்றாள் மரேத்தா.

"உங்களைக் கேக்கலம்மா. நீங்க பொய் சொல்லுவீங்க. அவர் சொல்லட்டும்."

போதகர் முதலில் கத்தியைப் பார்த்தார். அப்புறம்தான் வானத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்று அவர் ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை. அந்த மனிதருக்கு அதுகூடத் தோன்றவில்லை.

"கொப்பரைக் கொட்டகையில இருக்கா, தம்பி. மூட்டைக்குப் பின்னால."

அவன் கேட்காத மூட்டையையும் சேர்த்துச் சொன்னார்! சிமானு கடற்கரையைப் பார்த்து ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதினார்கள். சங்கு ஊதிவிட்டால் எங்கள் ஊரில் ஒரு ஆளும் வெளியே நடமாடக் கூடாது. வழியெல்லாம் வாலிபர்கள் தடியோடு காவல் நிற்பார்கள்.

போதகர் முழங்காலில் விழுந்தார். "ஆண்டவரே, என் உதடு சுத்தமா இருக்கு" என்று அழுதார். லூபேயின் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரேத்தா அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று கொட்டகைப் பக்கம் காவல் வாலிபர்களின் கூச்சல். "பிடிங்கடா அவனை! கத்தியைப் பிடுங்கு!"

"முடிஞ்சுது" என்று போதகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ போயிட்டா. நான் என்ன செய்வேன் மரேத்தா? பொய் சொன்னா நரகமாச்சே!"

மரேத்தா எழுந்து உள்ளறைக்குப் போனாள். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பின்னாலிருந்து லூபே வெளியே வந்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தாள்.

போதகர் வாயைப் பிளந்தார். லூபேயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு வலித்தது வேறொன்று.

"அப்போ... என்கிட்டயே பொய் சொன்னியா?"

"நீங்கதான் சொல்ல மாட்டீங்களே!"