வலன்ரைனின் கதிரை

“சீட்டைக் குலுக்குங்கோ. அவருக்குப் பதிலா நான் இருக்கிறன்” என்றபடி லூசியா வலன்ரைனின் கதிரையில் இருந்தாள்.

பந்தலுக்குள் பேச்சு நின்றுபோனது. பள்ளிமுனையில் செத்தவீடென்றால் ஆண்கள் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவது வழக்கம்தான். பெண்கள் தேத்தண்ணி கொடுப்பதோடு சரி. அதிலும் புருசன் வலன்ரைனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் பின்னேரம், கறுப்புச் சீலையோடு சீட்டுப் பிடிக்க வந்தால் யார்தான் வாயடைத்துப் போகமாட்டார்கள்?

எதிர்க் கதிரையில் எமில். இந்த விளையாட்டில் சோடிகள் எதிரெதிரே இருப்பதுதான் முறை. எமிலும் வலன்ரைனும் கடலிலும் சோடி, சீட்டிலும் சோடி. வள்ளம் கவிழ்ந்த அன்று எமில் மட்டும் கரை சேர்ந்தான். வலன்ரைனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து லூசியாவுக்கு நித்திரை கிடையாது. கண்ணை மூடினால் முற்றத்து மணலில் யாரோ நடக்கிற சத்தம். எழும்பிப் போய்க் கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. பெருநாளுக்கு மட்டும் அவன் போடுகிற நீலச் சேட்டைப் படத்தடியில் வைக்கலாமென்று அலுமாரி முழுக்கக் கிளறியும் காணவில்லை. அவன் ஆவியாக வந்து எடுத்துப் போயிருக்கிறான் என்றே அவள் நம்பினாள்.

ஊர் வேறு கதை பேசியது. உயிரோடு தத்தளித்தவனைக் கைவிட்டு எமில் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டானாம். அது மெய்யா பொய்யா என்று தெரியாமல் நாளைக்குக் கோயிலில் முழங்காலில் நிற்க அவளால் முடியாது.

“அக்கா, நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கோவன்” என்றான் எமில். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“படுத்தா மட்டும் நித்திரை வருதே? போடுங்கோ, நவரத்தினம் அண்ணை.”

நாளைய சாப்பாட்டுக்கு நானாட்டானிலிருந்து அரிசி கொண்டுவந்திருந்த நவரத்தினம், தன் சோடியான மீன் வியாபாரி பைசரைப் பார்த்தார். பைசர் தலையாட்டினார். ஆளுக்கு நாலு சீட்டு விழுந்தது.

முதல் நாலு சீட்டைப் பார்த்ததும், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். கூடக் கேட்டவன், மற்றதையெல்லாம் வெட்டுகிற துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். கையில் ஒன்றும் இல்லாமலும் கேட்கலாம், மற்றவர்கள் நம்பினால் சரி.

எமில் பிடரியைச் சொறிந்தான். சீட்டுகளை மாற்றி மாற்றிச் செருகினான், பந்தல் கூரைக் கிடுகைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். கடைசியில் “நூற்றி எழுபது” என்றான். அந்த ஆட்டம் அவர்களுக்கே வந்தது.

அடுத்த முறை நாலாவது சீட்டைக் கையில் எடுத்த கையோடு “இருநூறு!” என்றான். துரும்பைத் திறந்தால், துணைக்கு ஒன்றும் இல்லாத ஒற்றை ஏழு, இருப்பதிலேயே சின்னச் சீட்டு. ஆட்டம் படுத்துவிட்டது.

லூசியாவுக்கு இது புதிதில்லை. தோற்றுவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வலன்ரைன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து புலம்புவது இதைத்தான். நல்ல சீட்டென்றால் இவன் முழுசி முழுசி இழுத்தடிப்பான், பொய்யென்றால் முந்திக்கொண்டு சொல்லுவான், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், இவனை வைத்துக்கொண்டு எப்படி வெல்கிறது என்பான்.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பைசர் சீட்டைக் குலுக்கத் தொடங்கினார்.

“எமில், உன்ர அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திட்டுதோ?” என்று கேட்டாள் லூசியா.

எமில் பிடரியைச் சொறிந்தான். “காலமையில வத்தினது போலத்தான் கிடக்கும்... பின்னேரம் திரும்ப வீங்குது, அக்கா.”

“வள்ளம் கவிழேக்க அவர் உன்னைக் கூப்பிட்டவரோ?”

“கூப்பிட்டவர், அக்கா.” அவள் வாய் மூடவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது.

“கடைசியா என்ன சொன்னவர்?”

“உங்களைக் கவனமாப் பாக்கச் சொன்னவர்.” இதுவும் உடனே வந்தது.

பைசரின் கை சீட்டோடு நின்றது. லூசியாவுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டும், கேட்கவும் பயமாக இருந்தது.

“நீ கரைக்கு வரேக்க அவருக்கு உயிர் இருந்ததோ?”

“இல்லை! ஆள் முடிஞ்சுது, அக்கா.”

நவரத்தினம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். எமிலோடு எத்தனையோ வருசம் சீட்டுப் பிடித்தவர் அவர். அவன் முந்திக்கொண்டு சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

“அட பாவி! உயிரோட கிடந்த மனுசனைக் கடலில விட்டிட்டோ வந்தனீ?”

எமில் வாயைத் திறந்தான், மூடினான். பிடரியைச் சொறிந்தான், கிடுகைப் பார்த்தான், மேசையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். பந்தலில் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான்... அவரைக் கடலில விட்டிட்டு வரேல்லை, அண்ணை” என்றான் கடைசியில்.

மாலை போட்ட படத்தை லூசியா திரும்பிப் பார்த்தாள். அந்த நீலச் சேட்டை எடுத்துப்போனது ஆவியில்லை. சந்தோசப்படுவதா, ஓவென்று அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“ஆரோட இருக்கிறார், எமில்?”