கேள்வி அக்கா

"சார், சர்வர்னா என்னாங்க?"

பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்ததும் முதலில் சிரித்தது சசிகலாதான். அவள் சிரித்ததைப் பார்த்து மற்ற இருபத்தாறு பெண்களும் சிரித்தார்கள்.

அரூரில் பால் சங்கப் பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அடுத்த மாதம் முதல் நோட்டில் எழுதுவது கிடையாது. எத்தனை லிட்டர், யார் ஊற்றியது எல்லாம் போன் செயலியில்தான். மூன்றாம் நாள் பரீட்சை. பாஸானவர்களுக்கு மட்டும்தான் வேலை நீடிக்கும்.

சசிகலா கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் ஒன்பது வருஷமாகப் பால் அளக்கிறாள். அவள் வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான்.

பயிற்சி கொடுக்க வந்த மாதேஷ் சின்ன வயசு. வாயைத் திறந்தால் சர்வர், க்ளவுட், சிங்க், பேக்கப். சசிகலாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. முதல் வார்த்தையிலேயே பேனா நின்றுவிட்டது. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். 'விவரமான பொம்பளை' என்று ஊரில் எடுத்த பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

"சர்வர்கூடத் தெரியாதாங்க? அது ஒரு சென்ட்ரல் சிஸ்டம்" என்றான் மாதேஷ்.

கேட்டவள் நிர்மலாதேவி. மொரப்பூர்ப் பக்கத்துச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். லேசில் விடுகிற ரகமில்லை.

"எங்களுக்கு எட்டலைங்க சார். நம்ம பால் சங்கத்துல எது மாதிரின்னு சொல்லுங்க."

மாதேஷ் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "சரி, உங்க ஊருப் பாலெல்லாம் கேன்ல ஏறி எங்க போவுது?"

"குளிரூட்டும் நிலையத்துக்கு."

"எல்லா ஊருப் பாலும் அங்க போய்ச் சேருது. எல்லா போன் விவரமும் போய்ச் சேர்ற கம்ப்யூட்டர்தான் சர்வர். சர்வர் டவுன்னா, நிலையத்து கேட்டைச் சாத்தியிருக்குன்னு அர்த்தம்."

சசிகலா நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த பாரதியிடம், "இதெல்லாமா கேப்பாங்க, கருமம்" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குள் நிர்மலாதேவிக்குக் 'கேள்வி அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு க்ளவுட் வந்தது. சசிகலாவின் பேனா மறுபடி நின்றது.

"சார், க்ளவுட்னா மேகமுங்களா? மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சிடுமா?"

ஹாலே அதிர்ந்தது.

"மேகமும் இல்ல, மழையும் இல்லங்க. நகையை வூட்டு பீரோவுல வெக்காம பேங்க் லாக்கர்ல வெக்கறோமில்ல? அப்படி நம்ம விவரத்தை வேற ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல வெக்கிறது. உங்க போன் தொலைஞ்சாலும் விவரம் தொலையாது."

"ஓ.டி.பி.ங்க?"

"பஸ் டிக்கெட் மாதிரி, ஒரு தடவைக்குத்தான். ஆனா கேட்டவன் கையில குடுத்தீங்கன்னா, உங்க சீட்டுல அவன் உக்காந்துக்குவான்."

இரண்டாம் நாள், "சிக்னல் இல்லாத ஊர்ல பதிஞ்சா அது எங்க சார் போவும்?" என்றாள் கேள்வி அக்கா.

"எங்கியும் போவாதுங்க. கேனை ரோட்டோரம் வெச்சிட்டு வண்டிக்கு நிக்கிறோமில்ல, அதேதான். சிக்னல் வந்ததும் தானா ஏறிக்கும். போன்ல இருக்கிறதும் சர்வர்ல இருக்கிறதும் ஒண்ணாயிடும். அதுக்குப் பேருதான் சிங்க். அவசரப்பட்டு இன்னொரு தடவை பதிஞ்சா, ஒரு கேன் பால் ரெண்டு கேனாயிடும்."

மாதேஷுக்கே இப்போது குஷி பிறந்துவிட்டது.

மூன்றாம் நாள் பரீட்சை வைக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். எழுத்துத் தேர்வு முடிந்து, ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். அதில் சிம் கிடையாது, ஹால் வைஃபைதான். பன்னிரண்டு லிட்டர் என்று பதிய வேண்டும். எல்லாரும் பதிகிற நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வைஃபையை அணைத்துவிட்டார் அதிகாரி.

'பதிவு காத்திருக்கிறது' என்றது போன். சசிகலாவுக்கு இன்னொரு தடவை அழுத்தச் சொல்லி விரல் துடித்தது. 'கேன் ரோட்டோரம் நிக்குது, வண்டி வரும்' என்று தனக்குள் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், இருபத்தெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வைஃபை வந்தது. பதிவுகள் மளமளவென்று ஏறின. ஒன்றுகூட இரட்டிப்பாகவில்லை.

"நாலு இடத்துல இந்தப் பரீட்சை வெச்சிருக்கேன். எங்க போனாலும் பாதிப் பேர் ரெண்டு தடவை அழுத்திடுவாங்க. மொத்தப் பேரும் பாஸானது இங்கதான்" என்றார் அதிகாரி.

முதல் மார்க் சசிகலா. கைதட்டலைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருஷ வேலை இனி அவளுடையதுதான்.

சாயங்கால பஸ்ஸில் நிர்மலாதேவி பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. சசிகலா பெரிய மனசு பண்ணி ஆறுதல் சொன்னாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. போவப் போவ உங்களுக்கும் புரிஞ்சிடும்."

"சரிங்க" என்று சிரித்தாள் நிர்மலாதேவி. அதற்குள் அவள் போன் அடித்தது.

ஐந்து நிமிடம் பேசினாள். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். சர்வர், பேக்கப் என்று ஆரம்பித்து, மாதேஷ்கூடச் சொல்லாத வார்த்தையெல்லாம் வந்து விழுந்தது. சசிகலா வாயைப் பிளந்தாள்.

"பெங்களூர்ல பழைய கம்பெனிங்க" என்றாள் நிர்மலாதேவி போனை வைத்துவிட்டு. "ஏழு வருஷம் அங்க சர்வர் பாத்துக்கிற வேலைதான். மாமனாருக்கு முடியலைன்னு ஊரோட வந்துட்டேன். ஏதாச்சும் சிக்கல்னா இன்னும் கூப்பிடுறாங்க."

"அப்புறம் எதுக்குங்க... சர்வர்னா என்னான்னு..."

நிர்மலாதேவி டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க பின்னாடிதானங்க உக்காந்திருந்தேன். உங்க பேனா நின்னப்பல்லாம் கையைத் தூக்கினேன், அவ்ளோதான்."